போத்தலுக்கு நான்கு எல்லை

எங்கள் சேர், காணி வழக்குகளில் புலி. கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் வேலியை நகர்த்தியதற்காக அண்ணன் தம்பி முகம் பாராமல் போன குடும்பங்கள் ஏராளம். அதனால் சட்டத்தரணியான சேருக்கு ஓய்வு குறைவு. நான் அவருடைய கந்தோரில் வேலை கேட்டுப் போனபோது என் கையில் இரசாயனவியல் பட்டம் இருந்தது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதைப் பார்த்தார்.

“டைப்பிங் தெரியுமாம்மா?” என்றார்.

தெரியும் என்றேன். பட்டத்தை மடித்துத் திருப்பித் தந்தார். அன்று முதல் காணி உறுதிப் பத்திரங்களைத் தட்டச்சு செய்தேன். வடக்கே ஓடை, கிழக்கே இன்னாருடைய மிளகுத் தோட்டம், தெற்கே கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் பாதை, மேற்கே பாறை. பல்கலைக்கழகத்தில் படித்த மூலக்கூறுகள் எல்லாம் இந்த நான்கு திசைகளுக்குள் ஒடுங்கிக் கிடந்தன.

அப்படியிருக்கும்போதுதான் அக்குறணையிலிருந்து ஹாஜியார் வந்தார். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, தக்காளி சோஸும் மிளகாய் சோஸும் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறவர். பக்கத்துக் காணிக்காரருடன் நடந்த வேலி வழக்கில் சேர் அவருக்கு வென்று கொடுத்திருந்தார். இந்த முறை அவர் கையில் கோப்பு இல்லை. கடைப் பை ஒன்று இருந்தது. அதிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் போத்தல்களை எடுத்துச் சேரின் மேசையில் வைத்தார்.

“மகள், ஒரு பீங்கான் கொண்டு வாங்க” என்றார் என்னிடம்.

கொண்டு போனேன். முதல் போத்தலைக் கவிழ்த்தார். சோஸ் வழக்கம்போல மூக்குச்சளி மாதிரித் தொங்கி, யோசித்து, நின்றுவிட்டது. இரண்டாவதைக் கவிழ்த்தார். உள்ளே இருந்த சோஸ் முழுவதும் ஒரே கட்டியாக வழுக்கிக்கொண்டு, பஸ்ஸைத் தவறவிட்டவன் போல வெளியே பாய்ந்தது. பாதி பீங்கானில் விழுந்தது. மீதி, ஒரு குடும்பத்தின் பங்கு வழக்குக் கோப்பின் மேல் விழுந்தது. போத்தலின் உட்புறத்தைப் பார்த்தேன். கழுவிக் காயவைத்தது போல இருந்தது.

“பாத்தீங்களா சேர்? ஒரு சொட்டு ஒட்டல்ல! ஒலகத்துலயே எனக்கிட்ட மட்டும்தான் இது ஈக்கி. இதுக்கு பேட்டன்ட் எடுக்கணும்.”

சேர் கோப்பிலிருந்த சோஸை விரலால் வழித்து ஒரு முறை ருசி பார்த்தார்.

“எடுத்துடலாம் ஹாஜியார். சொத்துன்னா சொத்துதான். காணி மண்ணுல இருக்கு, இது போத்தல்ல இருக்கு. சட்டம் ஒன்னுதான்.”

அந்த இடத்திலேயே நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் என் கண் போத்தலில் இருந்தது. ஏதோ வித்தை காட்டுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். உள்ளே என்ன பூசியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஹாஜியார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சேரிடம் “மகள் ஆரு?” என்றார்.

“நம்ம புள்ளதான். கெமிஸ்ட்ரி படிச்சது” என்றார் சேர், தானே காசு கட்டிப் படிக்க வைத்தவர் போல.

கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு ஹாஜியார் குரலைத் தாழ்த்தினார். தேன்மெழுகை உருக்கி, மாவு போலச் சலித்த அரிசித் தவிட்டை அதில் கலந்து, சூடான போத்தலுக்குள் ஊற்றிச் சுழற்றுகிறார். ஆறியதும் உட்சுவர் பூனையின் நாக்கு போலச் சொரசொரப்பாகிவிடும். பிறகு கொஞ்சம் தேங்காயெண்ணெயை விட்டு ஆட்டினால், அந்தச் சொரசொரப்பின் பள்ளங்களுக்குள் எண்ணெய் போய் உட்கார்ந்துகொள்ளும். சோஸ் சுவரைத் தொடுவதே இல்லை. எண்ணெயின் மேலேயே வழுக்கிக்கொண்டு போகிறது.

எனக்கு மெய்சிலிர்த்தது. சொரசொரப்பான மேற்பரப்பு திரவத்தைத் தள்ளும் என்று பாடத்தில் படித்திருக்கிறேன். பரீட்சைக்குப் பிறகு அதை நினைத்ததே இல்லை. இந்த மனிதர் கொட்டகையில் நின்று அதைச் செய்து வைத்திருக்கிறார். அதற்காக அவர் அடக்கமான மனிதர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

“நான் இங்கிலீஷ் படிச்சீந்தா இப்ப அமெரிக்காவுலதான் ஈப்பேன்” என்று சொல்லிவிட்டு, நாங்கள் ஆமோதிக்கும்வரை காத்திருந்தார்.

விண்ணப்பத்தை எழுதும் வேலை என்னிடம் வந்தது. பல நாள் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த வரையில் ஒழுங்காக எழுதினேன். பேட்டன்ட் என்கிற ஆக்கவுரிமைக்கான விண்ணப்பத்தில் உயிர்நாடி ‘உரிமைக்கோரல்’ என்ற பகுதி. எது என்னுடையது, எது வரையில் என்னுடையது என்று அங்கேதான் சொல்ல வேண்டும். தேன்மெழுகு, தவிட்டுப் பொடி, எண்ணெய் என்று நான் எழுதியதைச் சேர் சிவப்புப் பேனையால் வெட்டினார்.

“ஏம்மா இப்பிடிச் சுருக்கிக்கிற? காணியில ஒரு பேர்ச் நெலம் விட்டுக் குடுத்தா அவன் அடுத்த வருஷம் வீடே கட்டிருவான். எல்லைய நல்லா அகட்டிப் போடு.”

கடைசியில் முதலாவது கோரல் இப்படி வந்து நின்றது: உட்புறம் சொரசொரப்பான, எந்தத் திரவமும் ஒட்டாத, எந்தப் பொருளாலும் செய்யப்பட்ட எந்தக் கொள்கலனும். அதோடும் சேருக்கு மனம் ஆறவில்லை. உறுதிகளில் வருவது போல ஓர் எல்லை அட்டவணை இல்லாமல் அவருக்கு அது சொத்தாகத் தெரியவில்லை. தன் கையாலேயே சேர்த்தார்: மேற்படி கொள்கலன் வடக்கே மூடியாலும், தெற்கே அடித்தட்டாலும், கிழக்கிலும் மேற்கிலும் தன் சொந்தச் சுவர்களாலும் எல்லைப்படுத்தப்பட்டது.

“சேர், போத்தலப் படுக்க வச்சா வடக்கு எங்க போகும்?” என்று கேட்டேன்.

கேலிக்குத்தான் கேட்டேன். அவர் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு பேனையை எடுத்து, ‘நிமிர்த்தி வைக்கப்பட்ட நிலையில்’ என்று செருகினார். “நல்லா கேட்ட. இதான் படிச்ச புள்ள வேணுங்கிறது” என்றார்.

விண்ணப்பம் கொழும்புக்குப் போனது. அது போய்ச் சேர்ந்ததற்கு ஒரு பற்றுச்சீட்டு வந்தவுடனேயே அக்குறணையில் ஹாஜியார் விஞ்ஞானியாகிவிட்டார். வியாபாரத்தில் அவருடைய பங்காளி அவருடைய மச்சான்தான். மனைவியின் தம்பி. அந்த மச்சான் ஒரு பாராட்டுக் கூட்டமே வைத்தார். சேரையும் என்னையும் முன் வரிசையில் உட்காரவைத்தார்கள். ஹாஜியாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கண்டுபிடிப்பைக் காட்டுங்கள் என்று சபையில் கேட்டார்கள். யாராவது பார்த்துச் செய்துவிடுவார்கள் என்ற பயத்தில் ஹாஜியார் போத்தலைப் பச்சைத் துணியால் சுற்றி, மேல் முடிச்சும் போட்டுக் கொண்டுவந்திருந்தார். துணியை உயர்த்திக் காட்டினார். சபை துணிக்குக் கைதட்டியது. பேச வந்த ஒரு பெரிய மனிதர், இந்தப் போத்தல் நம் சமூகத்தின் தாகத்தைத் தீர்க்கும் என்றார். சோஸ் போத்தல் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை போலும்.

நெடுநாள் கழித்துப் பரிசோதனை அறிக்கை வந்தது. எழுதியவர் ஒரு பெண் பரிசோதகர். அதை வாசித்தபோது எனக்கு வியர்த்தது. பிறகு சிரிப்பு வந்தது. அதற்கும் பிறகு, யாரோ எங்களை ஒழுங்காக வாசித்திருக்கிறார்கள் என்ற ஒரு விசித்திரமான சந்தோஷம் வந்தது. சேரும் ஹாஜியாரும் எதிரே உட்கார்ந்திருக்க, நான் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன்.

“இந்தக் கோரல் இப்பிடியே இருந்தா, சேம்பிலைய மடிச்சுக் கிண்ணம் மாதிரிப் பிடிச்சாலும் அது ஹாஜியார்ட சொத்தாயிடும்னு எழுதியிருக்காங்க.”

“நல்லம்தானே?” என்றார் ஹாஜியார்.

“எண்ணெய சொரசொரப்புக்குள்ள பிடிச்சு வச்சு மேல வழுக்க விடுற முறை வெளிநாட்டுல ஏற்கெனவே இருக்குதாம். அந்த ஆவணங்களையும் அனுப்பியிருக்காங்க.”

“அவங்க எனக்கிட்டக் களவெடுத்தீப்பாங்க.”

“உங்க விண்ணப்பத்துக்குப் பல வருஷம் முந்தினது ஹாஜியார்.”

நான் அடுத்ததைச் சொன்னேன். எந்தத் திரவமும் ஒட்டாது என்று ஓரிடத்தில் சொல்கிறீர்கள். எண்ணெய் ஒட்டி நிற்பதால்தான் இது வேலை செய்கிறது என்று இன்னோரிடத்தில் சொல்கிறீர்கள். எண்ணெய் திரவமில்லையா என்று பரிசோதகர் கேட்டிருந்தார். இதற்கு நானும் பொறுப்பு. அந்த இரண்டு பக்கங்களையும் தட்டச்சு செய்தவள் நான்தான். எனக்கே தட்டுப்படாமல் போனது. கடைசிக் குறிப்பு மிகவும் மரியாதையாக இருந்தது: வடக்கு, தெற்கு ஆகிய சொற்கள் ஒரு போத்தலைப் பொறுத்தவரை தெளிவற்றவை.

சேருக்கு மற்றதெல்லாம் உறைக்கவில்லை. இதுதான் உறைத்தது. “எத்தன வருஷமா நான் எல்லை எழுதுறேன். எனக்கு எல்லை சொல்லிக் குடுக்க வந்துட்டாங்க. விசாரணை கேட்டு எழுதும்மா. நேர்ல பேசிக்கிறேன்.”

நேரில் என்றது கணினித் திரையில். விசாரணை நாளன்று சேர் கறுப்புக் கோட்டும் டையும் அணிந்து வந்தார். நான் மடிக்கணினியை மேசையில் வைத்தேன். ஒரு பக்கம் நான், மறுபக்கம் ஹாஜியார், நடுவில் சேர். திரையில் பரிசோதகர் தோன்றினார். என்னைவிட ஒன்றிரண்டு வயது கூடியவராக இருக்கலாம். பின்னால் வெள்ளைச் சுவர், முன்னால் எங்கள் விண்ணப்பம். யாழ்ப்பாணத்துப் பேச்சு. ஹாஜியாருக்கு விளங்கட்டும் என்று தமிழிலேயே நடத்தலாம் என்றார். அவர் வணக்கம் சொன்னவுடனே சேர் நீதிமன்றப் பழக்கத்தில் எழுந்து நின்று, கோட்டைச் சரிசெய்துகொண்டு, “கனம் அம்மணி அவர்களே” என்று தொடங்கினார்.

“சேர், இருந்துகொண்டு கதையுங்கோ. உங்கட முகம் தெரியேல்ல. வயிறுதான் தெரியுது.”

சேர் உட்கார்ந்தார். அந்தக் கோபம் அவருடைய பேச்சில் ஏறியது. பரிசோதகர் மெழுகு எது, பொடி எவ்வளவு நுண்ணியது என்று கேட்கக் கேட்க, சேர் அதற்குப் பதில் சொல்லாமல் தன் கட்சிக்காரரின் நேர்மை, குடும்பப் பின்னணி, வேலி வழக்கில் கிடைத்த வெற்றி எல்லாவற்றையும் சொன்னார். பிறகு, காணி வழக்கில் ஒருபோதும் தோற்காத தன் ஆயுதத்தை எடுத்தார். ஒரு நிலத்தைப் பத்து வருடம் யாருடைய தடையுமின்றி எல்லோருக்கும் தெரிய அனுபவித்து வந்தால், அது அவனுக்கே சொந்தம் என்கிற வாதம்.

“அம்மணி, என் கட்சிக்காரர் இந்தப் போத்தலை நேத்து இன்னைக்கு செய்யல. பத்து வருஷத்துக்கு மேலா, பகிரங்கமா, எல்லாரும் பாக்க, தடையே இல்லாம செஞ்சு வித்துக்கிட்டு வாறார். அக்குறணையில எந்தக் கடையில வேணுமானாலும் கேட்டுப் பாருங்க!”

நான் மேசைக்கடியில் அவர் சப்பாத்தை மிதித்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டு, “ஊருக்கே தெரியும்!” என்று இன்னும் ஓங்கிச் சொன்னார்.

திரையில் பரிசோதகர் பேனையைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் பரிதாபம் தெரிந்தது.

“சேர், நீங்கள் இப்ப சொன்னதை நான் பதியட்டோ? ஏனெண்டா, விண்ணப்பிக்க முதல் இவ்வளவு காலம் எல்லாருக்கும் வித்த பொருள் புதுசு இல்ல. புதுசு இல்லாட்டி ஆக்கவுரிமையும் இல்ல. உங்கட கேஸை நீங்களே முடிச்சு வைக்கிறீங்கள்.”

முதலில் வாய் திறந்தவர் ஹாஜியார்தான். அவர் என்னைத் தள்ளிக்கொண்டு கமராவுக்கு முன்னால் முகத்தை நீட்டினார்.

“தங்கச்சி, அல்லாஹ்மேல சத்தியமா செல்றேன், அது பொய்! நான் ஒரு போத்தல் சரி விக்கல்ல. எங்கட மச்சான் சரி உள்ளுக்குப் பாக்கல்ல. இந்த மனுசன் ஏன் இப்பிடிச் செல்றாருண்டு எனக்குத் தெரியா!”

“ஹாஜியார், நான் உங்களுக்காகத்தான்…” என்றார் சேர்.

“எனக்காகப் பொய் செல்லுங்க, ஏலாதுண்டு செல்லல்ல. ஆனா எனக்கு நட்டம் வாற பொய்யா செல்ற?”

பரிசோதகர் கமராவை மூடிவிட்டுச் சற்று நேரம் கழித்துத் திரும்பி வந்தார். சிரித்துவிட்டு வந்தார் என்பது என் சந்தேகம். வந்ததும் வழியைத் தெளிவாகச் சொன்னார். வாயால் சொன்னது மட்டும் சாட்சியமாகாது. உண்மை வேறு என்றால் சத்தியக்கடதாசியில் எழுதித் தாருங்கள். கோரலை, உண்மையில் புதிதாக இருக்கிற அந்தத் தவிடு மெழுகுக் கலவைக்கு மட்டும் சுருக்குங்கள். செய்முறையை முழுவதும் எழுதுங்கள். திசைகளை எடுத்துவிடுங்கள்.

“செய்முறைய எழுதினா எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே!” என்று பதறினார் ஹாஜியார்.

“ஓம், தெரியத்தான் வேணும். நீங்கள் ஊருக்குச் சொல்லிக் குடுக்கிறீங்கள். அதுக்குப் பதிலா, குறிப்பிட்ட காலத்துக்கு மற்ற ஆக்கள் அதைச் செய்யேலாது. ஒளிச்சு வச்சிருக்க வேணுமெண்டா ஆக்கவுரிமை தேவையில்ல, அலுமாரி போதும்.”

அடுத்து வந்த நாட்களில் எங்கள் கந்தோரில் ஒரு வேடிக்கை நடந்தது. வழக்கமாகச் சேர் ஊர்க்காரர்களை அழைத்து, இவர் பத்து வருடமாக அனுபவித்ததைக் கண்ணால் கண்டோம் என்று சத்தியம் வாங்குவார். இப்போது அதே ஊரிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்து, நாங்கள் ஒன்றையும் கண்டதில்லை என்று சத்தியம் வாங்க வேண்டியிருந்தது. பாராட்டுக் கூட்டத்துக்கு வந்தவர்கள் வரிசையாக வந்து, விண்ணப்பம் போன பிறகும்கூட நாங்கள் பார்த்தது பச்சைத் துணியை மட்டுமே என்று கையொப்பமிட்டார்கள். தாகம் தீர்ப்பதாகச் சொன்ன பெரிய மனிதரும் வந்தார். நீங்கள் பார்த்தது என்ன என்று கேட்டதற்கு, “நான் பாக்கல்ல, பேசின மட்டும்தான்” என்றார். அப்படியே எழுதிக்கொண்டேன்.

சேரின் சத்தியக்கடதாசிதான் கஷ்டம். நான் எழுதிக் கொடுத்ததை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொய்யின்னு போடாதம்மா. நல்லா இல்ல.”

“அப்ப என்ன போடுறது சேர்?”

“உணர்ச்சி மேலீட்டால் கூறப்பட்ட மிகையுரைன்னு போடு.”

அப்படியே போட்டேன். ஒருவர் தன் பொய்யை இவ்வளவு இலட்சணமான தமிழில் ஒப்புக்கொண்டதை அதற்குமுன் நான் கண்டதில்லை. கோரலைத் திரும்ப எழுதும்போது அவர் பக்கத்தில் வரவில்லை. என் முதல் வரைவைத் தேடி எடுத்தேன். அதிலும் ஓட்டைகள் இருந்தன. பரிசோதகர் இன்னும் இரண்டு முறை திருப்பி அனுப்பினார். ஒவ்வொரு முறையும் ஒரு வார்த்தை குறைந்தது, ஒரு வார்த்தை கூர்மையானது. கடைசியில் ஹாஜியாருடைய போத்தல் என்னவோ அதுமட்டும் காகிதத்தில் நின்றது. ஒரு பேர்ச் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆக்கவுரிமை கிடைத்தது.

ஹாஜியார் எங்களைப் பகல் சாப்பாட்டுக்கு அழைத்தார். அக்குறணை வீட்டில் பாய் விரித்து, சவன் என்கிற பெரிய தட்டில் புரியாணி வைத்திருந்தார்கள். எனக்கு உள்ளே பெண்களோடு இடம். சாப்பாட்டின் நடுவில் ஹாஜியாரின் மனைவி ஒரு போத்தலை எடுத்து என் பக்கத்தில் கவிழ்த்தார். மிளகாய் சோஸ் சத்தமில்லாமல் வழுக்கி வந்தது. உள்ளே ஒரு கறை இல்லை.

“அழகா ஈக்கி, என்ன? வீட்டுக்கு இதுதான்” என்றார் அவர்.

கை கழுவிவிட்டு முன் அறைக்கு வந்தேன். சேர் கதிரையில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். ஹாஜியாரும் மச்சானும் எதிரே இருந்தார்கள். புதுப் போத்தல் எப்போது கடைக்கு வரும் என்று கேட்டேன். ஹாஜியார் மச்சானைப் பார்த்தார்.

“வராது தங்கச்சி” என்றார் மச்சான். “போத்தல்ல கடைசியா ஒட்டி ஈக்கிறத்த சனம் என்ன செய்ற? தட்டிப் பாத்துட்டு வீசுற. வீசினாத்தான் அடுத்தத வாங்குவாங்க. ஒட்டாம எல்லாம் வந்தா எங்கட கடையத்தான் மூடணும்.”

“அப்ப ஏன் ஹாஜியார் இவ்வளவு பாடுபட்டு பேட்டன்ட் எடுத்தீங்க?”

“வேற ஒத்தன் செஞ்சா நாங்க எங்க போற மகள்?” என்றார் ஹாஜியார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவ்வளவு வெட்கம் அவரிடம் இருந்ததே எனக்கு ஆறுதல். ஆக்கவுரிமைப் பத்திரம் எங்கே என்று கேட்டேன். அலுமாரியில் பத்திரமாக இருப்பதாகச் சொன்னார்.

சேர் வாய்விட்டுச் சிரித்தார். திரும்பி வரும் வழியெல்லாம் காரில் அதையே பேசினார். “பாத்தியாம்மா, இதான் மூளை. காணிய வாங்கிச் சும்மா போட்டு வைக்கிறாங்கல்ல, அது மாதிரி.” நானோ கொழும்பில் வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் செதுக்கித் தந்த அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டிருந்தேன். இதை அவருக்குத் தெரியப்படுத்தலாமா என்றுகூடத் தோன்றியது. தெரியப்படுத்தி என்ன? அவர் கேட்டது புதிதா என்று. நல்லதா என்று கேட்பது அவர் வேலை இல்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, வீட்டுக்கு நடந்தேன். அன்று முழுவதும் எனக்கு எரிச்சலாகவே இருந்தது.

ஆக்கவுரிமையை வருடாவருடம் கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். விட்டுவிட்டால் யாரும் அந்தப் போத்தலைச் செய்யலாம். மற்ற கட்சிக்காரர்களைத் துரத்தித் துரத்திப் பணம் வாங்குகிற எங்கள் கந்தோருக்கு, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஹாஜியார் தானாகவே தேதிக்கு முன்னால் வந்துவிடுகிறார். இந்த வருடத்துக்கான பத்திரங்களையும் நான்தான் தயாரித்து அனுப்பினேன். வரும்போது எனக்கென்று ஒரு மிளகாய் சோஸும் கொண்டுவந்தார். சாதாரணப் போத்தல்தான். ருசி நன்றாகவே இருந்தது, அதை மறுக்க முடியாது.